பாண்டியன் வீட்டுக் கல்யாணத்தில் சோறு கிடைக்காத ஔவை: அவருடைய கேலி எங்கே போயிற்று?

வைகைமணல்

ஔவையார் பாடியவையாக வழங்கும் தனிப்பாடல்களில், மதுரைக்காரர்களாகிய நாம் கொஞ்சம் கூச்சத்தோடு படிக்க வேண்டிய வெண்பா ஒன்று உண்டு. பாண்டியன் வீட்டுத் திருமணத்திற்குப் போய்த் திரும்பியவரிடம் ‘விருந்தெல்லாம் எப்படி?’ என்று கேட்டார்களாம். அவர் சொன்ன விடை இது:

வண்டமிழைத் தேர்ந்த வழுதி கலியாணத்(து)
உண்ட பெருக்கம் உரைக்கக்கேள் – அண்டி
நெருக்குண்டேன் தள்ளுண்டேன் நீள்பசியி னாலே
சுருக்குண்டேன் சோறுண் டிலேன்.

உண்டதைச் சொல்கிறேன் கேள் என்று தொடங்கி, நெருக்கு, தள்ளு, சுருக்கு என்று ஒவ்வொன்றாக இலையில் வைத்துவிட்டு, சோறு மட்டும் உண்ணவில்லை என்று முடிக்கிறார். அரசனைப் பழிக்க ஒரு சொல்லைக்கூட அவர் செலவழிக்கவில்லை. ‘வளமான தமிழை ஆராய்ந்தறிந்த வழுதி’ என்று மாலை போட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். தமிழைத் தேர்ந்தவனுக்குத் தமிழ் பாடுகிறவளின் பசி தெரியவில்லை என்பதை நாமே எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வளர்பிறை முகூர்த்த நாளில் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம் பிடித்து நின்றவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

ஆனால் பள்ளிப் பேச்சுப்போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போது நான் கேட்பதெல்லாம் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும்தான். பிள்ளைகள் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். கேட்பவர்களும் அப்படியே அமர்ந்திருக்கிறார்கள். அறம் சொன்ன நூல்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. நாலடியாரும் பழமொழி நானூறும் ஆத்திசூடியைவிட விரிவாகவே அறம் சொல்கின்றன. அவற்றைப் பாடியவர்களில் ஒருவரைக்கூட எந்தக் குழந்தையும் பாட்டி என்றோ தாத்தா என்றோ உறவு கொண்டாடுவதில்லை. ஔவை மக்கள் வாயில் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய கேலி என்பதும், அதைத்தான் நாம் பாடத்திட்டத்திலிருந்து கழற்றிவிட்டோம் என்பதும் என் கட்சி. மறுப்பு இருப்பவர்கள் எழுதலாம்.

பழையவகுப்பறை

தம்பி, கட்சி கட்டுவதற்கு முன்னால் எந்த ஔவை என்று சொல்லிவிடுங்கள். சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. ஆத்திசூடி பாடியவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவர். நீங்கள் எடுத்துக்காட்டிய வெண்பா போன்ற தனிப்பாடல்களோ, ஏட்டிலும் வாய்மொழியிலும் அலைந்து திரிந்து பிறகு திரட்டுகளில் சேர்ந்தவை. அவற்றைப் பாடியவர் ஒருவரா, ஒன்பது பேரா என்று யாரால் சொல்ல முடியும்?

ஆயினும் உங்கள் கட்சிக்கு நான் எதிரியில்லை. ஔவை என்ற பெயரில் இத்தனை பேரைத் தமிழ் மரபு ஒரே ஆளாகச் சேர்த்துக் கட்டியதற்கு ஏதோ பொது அடையாளம் இருந்திருக்க வேண்டும். அது பெரிய இடத்தில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், கேட்பவனே பிறகு புரிந்து வெட்கப்படும்படி பேசுகிற வாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சான்று சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தொண்டைமானிடம் ஔவையைத் தூது அனுப்புகிறான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மிரட்டுகிறான் என்று பொருள். அங்கே அவர் பாடியது புறநானூறு 95. ‘இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி’ என்று தொடங்குகிறது. இவை மயிற்பீலி அணிந்தவை, மாலை சூட்டியவை, காம்பு திருத்தி நெய் பூசியவை, காவல் மிக்க பெரிய மாளிகையில் இருப்பவை. அவையோ, பகைவரைக் குத்திக் குத்தி விளிம்பும் நுனியும் சிதைந்து, எப்போதும் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடப்பவை. உண்டானால் உணவு கொடுத்து, இல்லையானால் உள்ளதைப் பகிர்ந்து உண்கிற, வறியவர்களின் தலைவனாகிய எங்கள் கோமானின் வேல்கள். பாட்டு அவ்வளவுதான். தொண்டைமான் வேல் போரையே பார்த்ததில்லை என்று அவர் சொல்லவே இல்லை. துருப்பிடிக்காமல் பளபளக்கிறதே என்று மெச்சியிருக்கிறார்!

இந்தப் பாட்டுக்கு உரையாசிரியர்கள் காட்டும் துறை வாண்மங்கலம், அதாவது ஆயுதத்தை வாழ்த்துவது. வாழ்த்தின் சட்டைக்குள்ளேதான் கத்தி இருக்கிறது. வகுப்பில் இதை நடத்தும்போது நான் விளக்கம் சொல்வதில்லை. ‘அவ்வே’ என்ற சொல்லில் சற்று நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன். கடைசி வரிசையில் ஒருவனாவது சிரித்துவிடுவான். அவன்தான் பாட்டைப் படித்தவன்.

உங்கள் பாண்டியன் கல்யாணத்திற்கு நேர் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, புல்வேளூர்ப் பூதன் இட்ட சோற்றைப் பற்றிய வெண்பா. வரகரிசிச் சோறு, கத்தரிக்காய் வாட்டல், முரமுரவெனப் புளித்த மோர். இதற்கு அவர் போட்ட விலை ‘எல்லா உலகும் பெறும்’. அரண்மனை விருந்துக்குக் கிண்டல், ஏழை வீட்டு மோருக்கு உலகம். கேலி யாரை நோக்கிப் பாய்ந்தது என்பது இந்த இரண்டு வெண்பாவிலும் தெரிந்துவிடும்.

செல்லூர்வாசகி

ஐயா எழுதியதற்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் நீங்கள் இருவருமே பேசாத ஒன்று இருக்கிறது. கேலி செய்கிற பெண்ணை நம் சமூகம் ஏற்றுக்கொண்டது எந்த நிபந்தனையின் பேரில்? அவள் கிழவியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தானே?

சங்க ஔவை கிழவியே இல்லை. புறநானூறு 89ஐப் பாருங்கள். பகையரசன் அவரை ‘மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி’ என்று அழைத்து, உங்கள் நாட்டில் போரிடுவதற்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய இளம்பெண்ணைப் பார்த்துக் கேட்கிற, சற்று இளக்காரம் கலந்த கேள்வி அது. அதற்கு விடையைப் பாருங்கள். அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பைப் போன்ற இளம் வீரர்கள் இருக்கிறார்கள். அதுமட்டுமல்ல, பொதுவிடத்தில் தொங்குகிற முழவின் மேல் காற்று மோதி ஓசை எழுந்தால்கூட ‘அது போர்’ என்று எழுந்துவிடுகிற எங்கள் தலைவனும் இருக்கிறான். காற்றில் கதவு படபடத்தாலே சண்டைக்குக் கிளம்புகிற ஆள் என்று தன் தலைவனையும் ஒரு சிட்டிகை கிண்டல் செய்துவிட்டுத்தான் எதிரியை அடக்குகிறார். விறலி என்று அழைக்கப்படுபவர் ஔவையேதான் என்று கொண்டு இதைச் சொல்கிறேன். பாட்டின் ஓட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அதியமான் இறந்த பின் பாடிய 235ஆம் பாட்டிலோ, கள் சிறிதளவு கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். இந்தப் பெண்ணைக் கையில் கோலும் நெற்றியில் திருநீறுமாக நிறுத்தியது யார்? இளமையையும் அழகையும் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டி முதுமை வாங்கிக்கொண்டதாகப் பிற்காலக் கதை சொல்லிற்று. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்த உருவத்திற்குக் குரலும் கொடுத்துவிட்டார். அந்தக் குரலின் மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. ஆனால் அதற்குப் பின் யாரால் வேறு ஔவையைக் கற்பனை செய்ய முடிந்தது? 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுவிய சிலையும் அதே பாட்டிதான்.

கள்ளும் கிண்டலுமாக அரசவையில் நின்ற இளம்பெண்ணின் புறநானூறு 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பிறகுதான் நம் கைக்கு வந்தது. அதற்குள் பாட்டி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலூர்க்காரன்

பாட்டியை இவ்வளவு எளிதாகத் திண்ணையிலிருந்து இறக்கிவிட முடியாது, அக்கா. அழகர்கோயிலுக்கு மேலே பழமுதிர்சோலைக்குப் போகிறவர்கள், படித்தவர்களோ படிக்காதவர்களோ, அங்குள்ள நாவல் மரத்தின் அருகில் ஒருமுறை நின்று மேலே பார்க்காமல் வருவதில்லை. கையில் குழந்தை இருந்தால் கதை தொடங்கிவிடும். வெயிலில் வந்த கிழவி, மரத்தின் மேல் மாடு மேய்க்கிற சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்ற கேள்வி, மண்ணில் விழுந்த பழத்தை ஊதுகிற கிழவி, ‘பழம் சுடுகிறதா பாட்டி?’ என்ற சிரிப்பு. ஊரையே வாயால் அடக்கியவர் ஒரு பொடியனிடம் தோற்றார் என்ற கதையை நான் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொன்னதுபோல் இன்னொருவர் சொன்னதில்லை. கேலியைப் பாடத்திட்டத்திலிருந்து கழற்றிவிட்டார்கள் என்றால், அது மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழையவகுப்பறை

கதைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வெண்பாவையும் போட்டுவிடுகிறேன்.

கருங்காலிக் கட்டைக்கு நாணாக்கோ டாலி
இருங்கதலித் தண்டுக்கு நாணும் – பெருங்கானில்
காரெருமை மேய்க்கின்ற காளைக்கு நான்தோற்ற(து)
ஈரிரவு துஞ்சாதென் கண்.

இதில் நாவல் பழம் இல்லை, முருகன் பெயர் இல்லை, பழமுதிர்சோலையும் இல்லை. காட்டில் எருமை மேய்க்கிற ஒரு காளையிடம் தோற்றேன், இரண்டு இரவு தூக்கம் வரவில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மக்கள் வைத்துக் கட்டியது.

மேலூர்க்காரன்

அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன். நான்கு அடியை வைத்துக்கொண்டு ஒரு மரத்தையும் மலையையும் சிறுவனையும் சேர்த்துக் கட்டுகிற அளவுக்கு மக்களுக்கு அவர் மேல் உரிமை இருந்திருக்கிறது. தொல்காப்பியருக்கு யாராவது இப்படி மரம் நட்டிருக்கிறார்களா?

தன்னையே கிண்டல் செய்துகொள்கிற பாட்டு அது என்பதையும் கவனியுங்கள். கருங்காலிக் கட்டையைக் கண்டு அஞ்சாத கோடாலி வாழைத்தண்டில் மழுங்கிப்போயிற்று என்கிறார். கம்பரைக் கேட்டால் ‘எட்டேகால் லட்சணமே’ என்று தொடங்கும் வெண்பாவில் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லுவார். எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’ என்ற தமிழ் எண்குறி தெரிந்தவர்களுக்கு அது எந்த லட்சணம் என்பது உடனே விளங்கியிருக்கும். அப்படிப் பேசிய வாய் எருமைக்காரப் பையனிடம் அடங்கியதைத் தானே ஊருக்குச் சொல்லுகிறது.

கோப்புக்காரன்

இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. நிலப் பட்டா மாறுதலுக்காக ஓர் அலுவலகத்திற்கு நெடுநாள் நடந்த எனக்கு ஔவையின் ஒரே ஒரு சொல்தான் துணையாக இருந்தது. கேளாமலே கொடுப்பது தாளாண்மை, கேட்டபின் கொடுப்பது வண்மை, ‘அடுத்தடுத்துப் பின்சென்றால் ஈவது காற்கூலி’. பின்னாலேயே அலையவிட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் கொடை இல்லை, நடந்த காலுக்கான கூலி. ஆணையைக் கையில் கொடுத்தபோது அந்த எழுத்தர் நன்றியை எதிர்பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

வைகைமணல்

கோப்புக்காரர் சொன்னதற்கு மேல் நான் வாதம் செய்யத் தேவையே இல்லை. இப்படித்தான் அவர் பயன்படுகிறார்.

இலக்கிய விழா மேடைகளுக்கும் அவர் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

விரகர் இருவர் புகழ்ந்திடவே வேண்டும்
விரல்நிறைய மோதிரங்கள் வேண்டும் – அரையதனில்
பஞ்சேனும் பட்டேனும் வேண்டும் அவர்கவிதை
நஞ்சேனும் வேம்பேனும் நன்று.

புகழ்வதற்குக் கெட்டிக்காரர் இருவர், விரல் நிறைய மோதிரம், இடுப்பில் நல்ல துணி. இவை இருந்தால் கவிதை நஞ்சாக இருந்தாலும் வேம்பாக இருந்தாலும் நல்ல கவிதைதான். மோதிரத்தின் இடத்தில் பொன்னாடையை வைத்துவிட்டால், நம் ஊரில் நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் இதை அப்படியே அச்சடிக்கலாம். தற்பெருமை பேசிய புலவர்களிடம் ‘எறும்புந்தன் கையால் எண்சாண்’ என்றாரே, அதுவும் இதே பட்டறையில் அடித்ததுதான். எறும்பும் தன் கையால் அளந்தால் எட்டுச் சாண் உயரம் இருக்கும்!

இந்த மரபு மதுரையில் அற்றுப்போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எதிரணியைப் பாராட்டிவிட்டு அந்தப் பாராட்டாலேயே கவிழ்க்கிற உத்தி தொண்டைமானின் கொட்டிலில் கற்றதுதான்.

திருமங்கலத்தாள்

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதனால் ஔவையின் பெயரால் இன்னும் நடக்கிற ஒன்றைப் பற்றி யாரும் எழுதாததில் வியப்பில்லை. உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரியக் கூடாது என்பதுதான் அதன் விதி.

செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் ஔவை நோன்பு என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ‘தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி’ என்பது கணக்கு. செவ்வாய்க்கிழமை இரவு ஆண்கள் எல்லோரும் அடங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். கைக்குழந்தை என்றாலும் ஆண் பிள்ளை அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடித்து அவித்து, பிள்ளையாருக்கு வைத்து, வயதில் மூத்தவள் ஔவையின் கதையைச் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். படைத்ததை அந்த இரவுக்குள் பெண்களே தின்று தீர்த்துவிட வேண்டும். ஆண்கள் கண்ணில்கூடப் படக் கூடாது.

கதையை இங்கே எழுத மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த இரவில் கதைக்கு நடுவே எழுகிற சிரிப்பு, அதே பெண்கள் பகலில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, அந்த வீட்டு ஆண்களை ஒவ்வொருவராக எடுத்துப் பேசுவார்கள். உப்பில்லாத கொழுக்கட்டை வேறு எதனால் தொண்டையில் இறங்கும் என்று நினைக்கிறீர்கள்? வாசகி அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இது. ஊருக்கு நடுவில் பேசுவதற்குத்தான் கிழவி வேடம் தேவைப்பட்டது. கதவைச் சாத்திய பிறகு எந்த வயதுக்காரியும் ஔவைதான்.

குமரி மாவட்டத்தில் தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோயிலே இருக்கிறது. ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். புலவருக்குச் சிலை வைப்பதை எங்கும் பார்க்கலாம். அம்மன் என்று பெயரிட்டு அடுப்பு மூட்டுவதை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

செல்லூர்வாசகி

திருமங்கலத்தாள் எழுதியதைப் படித்தபின் ‘தையல் சொல் கேளேல்’ என்ற ஆத்திசூடி அடி நினைவுக்கு வருகிறது. பெண் பேச்சைக் கேட்காதே என்று ஒரு பெண் சொன்னார். அந்தப் பெண்ணின் பேச்சைத்தான் தமிழ்நாட்டு ஆண்கள் ஐந்து வயதிலிருந்து மனப்பாடம் செய்து கேட்டுவருகிறார்கள். வேண்டுமென்றே செய்த குறும்பா என்று எனக்கு அடிக்கடி ஐயம் வருவதுண்டு. 1904இல் நம் ஊர்ச் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் சொல்லிக்கொடுத்த பாரதி, பின்னாளில் அவருடைய வடிவத்தையே எடுத்துக்கொண்டு புதிய ஆத்திசூடியில் ‘தையலை உயர்வு செய்’ என்று திருப்பி எழுதினார். ‘ஆறுவது சினம்’ என்றவருக்கு ‘ரௌத்திரம் பழகு’ என்றார். எதிர்த்துப் பேசுவதற்கும் அவருடைய அளவையே கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், அதைவிடப் பெரிய செல்வாக்கு ஒரு கவிஞருக்குக் கிடைக்குமா?

ஆனால் எல்லாவற்றையும் மெச்சிக்கொண்டே போக எனக்கு மனமில்லை. ‘இருந்து முகந்திருத்தி ஈரோடு பேன்வாங்கி’ என்ற வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் துடைத்து, ஈரும் பேனும் எடுத்து, மெல்ல, ஔவை விருந்தாக வந்திருக்கிறார் என்று சொல்கிறான். அவள் ஆடிப் பாடி, பழைய முறத்தால் அவனை ஓட ஓட அடிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிற பாட்டு. அந்த வீட்டில் அன்று அரிசி இருந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊர் வம்புக்கெல்லாம் விருந்து அழைத்து வருகிறவனுக்கு உலை வைக்கிறவள் முறத்தை எடுத்ததில் என்ன வியப்பு? பாண்டியனை நோக்கிப் பாய்ந்த கேலி இங்கே அடுப்படியை நோக்கிப் பாய்கிறது.

பழையவகுப்பறை

அம்மா, அந்தக் கதையின் முடிவுப் பாட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அற்ற தலைபோக அறாத்தலை நான்கினையும்
பற்றித் திருகிப் பறியேனோ – வற்றும்
மரமனையா ளுக்கிந்த மகனை வகுத்த
பிரமனையான் காணப் பெறின்.

பிரமனுக்கு ஐந்து தலை; ஒன்றைச் சிவன் கிள்ளிவிட்டான். மிச்சம் நான்கையும் நான் திருகிப் பறிக்க மாட்டேனா என்கிறார். கடைசியில் அடி விழுவது அந்தப் பெண்ணின் மேல் இல்லை, பொருத்தம் பார்க்காமல் முடிச்சுப் போட்டவன் மேல். படைப்புக் கடவுளின் கழுத்தைப் பிடிக்கிற துணிவு வேறு எந்தப் புலவருக்கு வந்தது?

செல்லூர்வாசகி

துணிவை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் ‘வற்றும் மரம் அனையாள்’ என்ற பட்டம் அவளுக்குத்தானே மிஞ்சியது? பிரமனுக்கு நான்கு தலையும் பத்திரமாக இருக்கின்றன.

வைகைமணல்

வாசகி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் இந்தக் கதையை நாடகமாகப் போடலாம் என்று எங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். முறத்தால் அடித்தவளுக்கும் ஒரு பாட்டு இருந்தால் நாடகம் நிமிர்ந்துவிடும். விருந்தாளியாக வந்த ஔவையைப் பார்த்து அவள் பதில் சொல்வதுபோல் ஒரு வெண்பா வேண்டும். வாசகியோ திருமங்கலத்தாளோ எழுதித் தருவார்களா?

திருமங்கலத்தாள்

நான் எழுதுகிறேன். அரிசிப்பானை காலி என்பதில் தொடங்குவேன். மாவு இடிக்கிற வேலை முடிந்த பிறகுதான்; அவசரப்படுத்தாதீர்கள்.

பழையவகுப்பறை

எழுதுங்கள், மகளே. ஔவைக்கே பதில் சொல்வதானால் தளை தட்டக் கூடாது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். தட்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.